காமெட் இன்டர்செப்டர்: தாய்க்கலம் 1000 கிலோமீட்டர் தள்ளிக் கடப்பது சரியா?

விண்ணோடி:
ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஜப்பானின் ஜாக்ஸாவும் உருவாக்கிவரும் காமெட் இன்டர்செப்டர், சூரியனை முதன்முறையாக நெருங்கும், இன்னும் தேர்வாகாத ஒரு வால்நட்சத்திரத்தைச் சந்திக்கப் போகிறது. அதன் தாய்க்கலம் சுமார் 1000 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும், இரு சிறுகலங்களே இன்னும் நெருங்கிச் செல்லும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1986 மார்ச்சில் ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலம், ஹாலி வால்நட்சத்திரத்தின் உட்கருவை (நடுவிலுள்ள திடப்பகுதியை) 600 கிலோமீட்டர் வரை நெருங்கியது. 2004இல் நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம், வைல்டு 2 வால்நட்சத்திரத்தை 240 கிலோமீட்டருக்குள் கடந்து தூசு மாதிரியையும் கொண்டுவந்து சேர்த்தது. சிறந்த கருவிகளை வெளியே நிறுத்திவிட்டு எதைச் சாதிக்கப் போகிறோம்?

கீழ்வானம்:
நீங்கள் தொலைவை மட்டும் ஒப்பிடுகிறீர்கள். ஸ்டார்டஸ்ட் கடந்த வேகம் நொடிக்கு 6.1 கிலோமீட்டர், ஜியோட்டோவினுடையது 68. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அதே தூசுத் துகள் ஜியோட்டோவை நூறு மடங்குக்கும் மேலான ஆற்றலுடன் தாக்கியிருக்கும். இதற்காகவே அதன் முன்புறம் 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடும், ஏறக்குறைய கால் மீட்டர் இடைவெளிக்குப் பின்னால் கெவ்லார் எனும் வலுவான இழை அடுக்கும் வைத்தார்கள். தகட்டில் பட்ட துகள் ஆவியாகிச் சிதறி, பின்னடுக்கை அடைவதற்குள் வலுவிழக்கும். அப்படியிருந்தும், மிக நெருங்கிய தருணத்திற்குச் சில நொடிகள் முன்பு விழுந்த அடியில் கலம் தள்ளாடியது, அரை மணி நேரம் தொடர்பு விட்டுவிட்டே கிடைத்தது, கேமராவும் பிறகு பயன்படவில்லை. மேலும், அதற்குச் சில நாள் முன்பே ஹாலியைக் கடந்த சோவியத்தின் வேகா கலங்கள் இரண்டும் உட்கரு இருக்கும் இடத்தைத் துல்லியப்படுத்திக் கொடுத்திருந்தன. இந்தப் பயணத்திற்கு அப்படியொரு முன்னோடி கிடையாது.

விண்ணோடி:
அந்த அடியையும் தாங்கி, ஜியோட்டோ 1992இல் கிரிக்–ஸ்கெல்லரப் வால்நட்சத்திரத்தை 200 கிலோமீட்டரில் கடந்ததே! இலக்கு தெரிந்ததும் வேகமும் தெரிந்துவிடும். வேகம் குறைவாக அமைந்தால் தாய்க்கலமும் நெருங்கட்டும்.

கீழ்வானம்:
கேடயத்தின் எடையையும் உட்கருவைத் தொடர்ந்து நோக்கத் திரும்பும் கேமராவின் சுழல் கண்ணாடியையும் ஏவுவதற்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும். நொடிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் 1000 கிலோமீட்டர் தள்ளிச் சென்றாலே, உட்கருவைப் பார்வையில் வைத்திருக்க நொடிக்கு ஏறத்தாழ 4 பாகை திரும்ப வேண்டும். 200 கிலோமீட்டரில் அது 19 பாகையைத் தாண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுகலங்களின் தரவு பூமிக்கு வருவதே தாய்க்கலத்தின் வழியாகத்தான். அது போனால் மூன்றும் போயின.

விண்ணோடி:
தரவு குறித்து நீங்கள் சொல்வது வலுவான வாதம், அதை ஏற்கிறேன். ஆனால் கேடயம் மாறாது என்பதால் தொலைவும் மாறக்கூடாது என்றாகாது. நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகமும் தூசு குறைந்த இலக்கும் வாய்த்தால் 500 கிலோமீட்டருக்குள் செல்லுமளவுக்கு, கடைசிப் பாதைத் திருத்தத்திற்கான எரிபொருளையாவது இப்போதே ஒதுக்கிவைக்க வேண்டும்.