ஆன்லைனில் ஏற்றிய பிறகு ஆபீஸ் எக்செல் ஃபைலில் வரிசைகள் காணாமல் போகின்றன, உதவுங்கள்

கேள்வி:
நாங்கள் ஏழு பேர் ஒரே எக்செல் ஃபைலில்தான் ஆர்டர் பதிகிறோம். இதுவரை அது நெட்வொர்க் ஃபோல்டரில் இருந்தது. ஒருவர் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் மற்றவர்களுக்கு 'ரீட் ஒன்லி'தான். இந்தத் தொல்லை ஒழியட்டும் என்று போன வாரம் கூகுள் டிரைவில் ஏற்றி எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன். இப்போது நேற்று பதிந்த வரிசைகள் சிலருக்குத் தெரியவில்லை. சில தேதிகள் மாறிக் கிடக்கின்றன. மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) போட்டு வைத்த 'பில்' பட்டன் அசையவே இல்லை. பழைய ஃபோல்டருக்கே போய்விடலாமா என்கிறார் மேலாளர்.

பதில் 1:
அவசரப்படாதீர்கள். டிரைவில் அந்தப் பெயரில் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இரண்டு! ஒன்றைத் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் எக்செல் அடையாளம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

பதில் 1:
அப்படியானால் யாரோ 'சேவ் ஆஸ் கூகுள் ஷீட்ஸ்' (எக்செல் போன்ற கூகுளின் சொந்த வடிவம்) அழுத்தியிருக்கிறார்கள். அது இருக்கிற ஃபைலை மாற்றாது, தனியாக ஒரு நகலை உண்டாக்கும். பாதிப் பேர் அதிலும் பாதிப் பேர் இதிலும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதில் இருக்கும் புது வரிசைகளை அதில் சேர்த்துவிடுங்கள். அந்த மற்றதை அழிக்க வேண்டாம், அதில் எல்லோரையும் 'வியூவர்' (பார்க்க மட்டும் முடிந்தவர்) ஆக்கினால் போதும். லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று விடாமல் ஒவ்வொருவரையும் அவரவர் கணக்கில் சேருங்கள். அப்போதுதான் வெர்ஷன் ஹிஸ்டரியில் (மாற்றங்களின் பதிவில்) யார் எதை மாற்றினார் என்று தெரியும்.

பதில் 2:
ஒரே ஃபைல் ஆனாலும் வரிசைகள் மறையும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஃபில்டர் போட்டால் அது எல்லோர் திரையிலும் விழும். எங்கள் ஆபீஸில் இதற்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது. டேட்டா மெனுவில் 'ஃபில்டர் வியூ' என்று இருக்கிறது. அதில் வடிகட்டினாலும், ஏறுமுகம் இறங்குமுகம் என்று அடுக்கினாலும் மற்றவர்களைத் தொடாது.

தேதிக்கு: ஃபைல் > செட்டிங்ஸ் போய் லொகேல் (எந்த நாட்டு முறையில் தேதி படிக்கப்படும் என்ற அமைப்பு) என்ன என்று பாருங்கள். அமெரிக்கா என்றிருந்தால் 05/04 என்று அடிப்பது மே 4 ஆகிவிடும். 25/04 என்று அடித்தால் 25-ஆவது மாதம் கிடையாதே, வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பவை கண்ணில் படும், மே 4 ஆனவைதான் சத்தமில்லாமல் கணக்கைக் கெடுக்கும். லொகேலை மாற்றினாலும் ஏற்கெனவே தவறாகப் பதிந்தவை தானாகத் திருந்தாது, கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

பதில் 3:
பட்டன் விஷயம் வேறு. எக்செல் மேக்ரோ கூகுள் ஷீட்ஸில் ஓடாது, கூகுளின் நிரல் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்டில் புதிதாக எழுத வேண்டும். மேக்ரோக்கள் நிறைய இருந்தால் ஃபைலை மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் வைத்து, கணினியில் நிறுவிய எக்செல்லிலேயே சேர்ந்து திருத்துவது மேல். பிரவுசரில் திறக்கும் எக்செல்லிலும் மேக்ரோ ஓடாது என்பதை மறக்க வேண்டாம்.

கேட்டவர்:
இருப்பது அந்த ஒரு பட்டன்தான், அதனால் ஷீட்ஸிலேயே இருந்துவிடுகிறோம். இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டதில் 31 வரிசைகள் விட்டுப்போயிருந்தன, சேர்த்துவிட்டேன். லொகேலும் அமெரிக்காதான். தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாதிகூட முடியவில்லை. ஸ்கிரிப்ட் எழுதி மாட்டிக்கொண்டால் மறுபடி வருகிறேன்.