காங்கோ ரும்பா கிட்டார்: நாலாவது கம்பி இரைகிறது, உதவுங்கள்

நைரோபியில் ஒரு குழுவில் காங்கோ ரும்பா வாசிக்கிறேன். கென்யாவின் பெங்கா பாடல்கள் வரை ஊறிப்போன அந்த கிட்டார் ஓசை, காங்கோ கிட்டார் கலைஞர் டாக்டர் நிக்கோவின் 1960களின் பதிவுகளில் அவ்வளவு அழகு! அதற்காகப் போன மாதம் மீ-கொம்போசே முறைக்கு மாறினேன். அதாவது நாலாவது கம்பிக்குப் பதில் மெல்லிய 0.010 கம்பி, ஒரு ஸ்தாயி மேலே டி சுருதி.

என்னுடையது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிட்டார். அந்தக் கம்பியை அழுத்தாமல் மீட்டினால் மட்டும் சிதார் மாதிரி இரைகிறது. ஃப்ரெட்டில் அழுத்தினால் சுத்தம். வேறு கம்பி போட்டேன், பிரிட்ஜை உயர்த்தினேன், டிரஸ் ராடையும் (கழுத்துக்குள் இருக்கும் வளைவு சரிசெய்யும் கம்பி) கொஞ்சம் தளர்த்தினேன். பலனில்லை. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டில், தடித்த கம்பிக்கு வெட்டிய பள்ளம் இதற்கு அகலம் என்று நினைக்கிறேன். அப்புறம், அடுத்த மாதம் பழைய கம்பிக்கே திரும்ப வேண்டும்.

நட்டை மாற்றாமல் அந்தப் பள்ளத்தைத் தற்காலிகமாக நிரப்ப எதைப் பயன்படுத்தலாம்?