தாள் இல்லாத படகுக்கு பாண்ட் வைத்து டைட்டில் வாங்குவது (டெக்ஸாஸ்)

ஏரிக்கரை:

டெக்ஸாஸில் வாங்கியது: 17 அடி அலுமினியப் படகு, 40 குதிரைத்திறன் ஔட்போர்டு மோட்டார், ட்ரெய்லர். கையில் இருப்பது விற்றவர் எழுதிக் கொடுத்த பில் ஆஃப் சேல் (விற்பனைச் சீட்டு) மட்டும். அவர் பெயருக்கு டைட்டில் (உரிமைச் சான்று) மாறவே இல்லை, அதற்கும் முந்தைய ஆளின் பெயரிலேயே நின்றுவிட்டதாம். படகின் பக்கத்தில் டிஎக்ஸ் எண் (மாநிலப் பதிவு எண்) தெளிவாக இருக்கிறது; பதிவு ஸ்டிக்கர் காலாவதி. டைட்டிலுக்காக பாண்ட் (வேறு யாராவது உரிமை கோரினால் ஈடுகட்டும் உறுதிப் பத்திரம்) வைக்கலாம் என்று பாண்ட் ஏஜென்ட்டிடம் கேட்டால் "எவ்வளவு தொகைக்கு?" என்கிறார். அந்தத் தொகையை யார் சொல்வார்கள்? ஒரே பாண்ட் மூன்றுக்கும் போதுமா? எதிலிருந்து தொடங்குவது?

பழைய நங்கூரம்:

பாண்ட் ஏஜென்ட் கடைசி ஆள். இப்போதைக்கு அவரை விடுங்கள்.

முதல் வேலை எச்ஐஎன், அதாவது படகின் உடலில் பொறித்த அடையாள எண். 1972 நவம்பருக்குப் பின் தயாரான படகுகளில் 12 எழுத்து கொண்ட இந்த எண் பின்பலகையில், வலது பக்க மேல் ஓரத்தை ஒட்டி இருக்கும். முதல் 3 எழுத்து தயாரிப்பாளர் குறியீடு, அடுத்த 5 வரிசை எண், கடைசி 4 தேதி. 1984 ஆகஸ்ட் முதல் வந்த படகு என்றால் கடைசி நான்கில் முதல் எழுத்து மாதம் (ஏ ஜனவரி, எல் டிசம்பர்), அடுத்த இலக்கம் தயாரித்த ஆண்டு, கடைசி இரண்டும் மாடல் ஆண்டு. "டி494" என்று முடிந்தால் 1994 ஏப்ரல், 94 மாடல். அதற்கு முந்தையவற்றில் வேறொரு முறையும் உண்டு: எம் என்ற எழுத்து, மாடல் ஆண்டு, கடைசியில் மாத எழுத்து. அங்கே ஏ என்றால் ஆகஸ்ட். இதைத் தெரியாமல் ஆண்டைத் தவறாக எழுதி விண்ணப்பம் திரும்பி வருவது சகஜம்.

வரிசை எண் பகுதியில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. அங்கே வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். பெயின்ட் ஏறியிருந்தால் உரச வேண்டாம், சேதப்படுத்தியதாகத் தெரியும். மேலே வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்கள், கூடவே போட்டோவும். 1984க்குப் பிந்தைய படகில் இதே எண் இரண்டாவதாக ஒரு மறைவான இடத்தில், ஏதாவது பொருத்துபாகத்துக்கு அடியில் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிட்டு கேம் வார்டனை (வனவிலங்கு, நீர்நிலைக் காவல் அதிகாரி) கூப்பிடுங்கள். திருட்டுப் படகை எந்த பாண்டும் உங்களுடையதாக்காது.

அடுத்து, படகு டைட்டிலைக் கவனிக்கும் டெக்ஸாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையில் டிஎக்ஸ் எண், எச்ஐஎன், மோட்டார் சீரியல் மூன்றையும் கொடுத்து உரிமை விவரம் தேடுங்கள். பதிவில் யார் பெயர், எந்த வங்கியின் லீன் (கடனுக்கான பிடிமானம்) நிற்கிறது என்று அதில்தான் தெரியும். லீன் இருந்து கடன் அடைந்திருந்தால் வங்கியிடம் விடுதலைக் கடிதம் வாங்க வேண்டும். வங்கியே வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த வங்கியிடம் கேட்கலாம்.

கரையோரம்:

மேலே சொன்னதோடு ஒன்று. பதிவில் உள்ள ஆள் உயிரோடு இருந்து, முகவரியும் கிடைத்தால் பாண்டே வேண்டாம். அவர் மாற்று டைட்டில் வாங்கி கையெழுத்துப் போட்டால் முடிந்தது. செலவு பாண்டைவிடக் குறைவு. நீங்கள் செலவை ஏற்பதாகச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பி, திரும்ப அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையோடு சான்றஞ்சலில் அனுப்புங்கள். அவர் இறந்திருந்தால் வாரிசு கையெழுத்துக்கு வழி இருக்கிறது, அதையும் துறையிடமே கேளுங்கள். பதில் வராமல் கடிதம் திரும்பினால் பிரிக்காமல் வைத்திருங்கள். முயன்று பார்த்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

பாண்ட் வழி, முறையாக வாங்கி ஆதாரம் குறைவாக உள்ளவருக்கானது. உங்கள் நிலத்தில் கிடந்த படகு, ஏரியில் மிதந்து வந்த படகு, வாடகை கட்டாமல் ஷெட்டில் விட்டுப்போன படகு இதில் வராது. அவற்றுக்குக் கைவிடப்பட்ட படகுச் சட்டமும் இடவாடகை பாக்கிக்கான லீன் நடைமுறையும் தனி. இரண்டையும் குழப்பி விண்ணப்பித்தால் சந்தேகம்தான் வரும்.

தாள்காரர்:

தொகை பற்றி. டெக்ஸாஸ் சட்டப்படி துறை நிர்ணயிக்கும் மதிப்பின் ஒன்றரை மடங்கு. நீங்கள் கொடுத்த விலையோ ஏஜென்ட் நினைக்கும் விலையோ அல்ல. துறை மதிப்பு 4,000 டாலர் என்றால் பாண்ட் 6,000. மதிப்பு புத்தகத்தில் இல்லாத பழைய படகானால் மரீன் சர்வேயரின் மதிப்பீடு கேட்கக்கூடும். தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே ஏஜென்ட்டிடம் போங்கள். முன்கூட்டியே 5,000க்கு வாங்கிவிட்டு 6,000 தேவை என்று வந்தால் ரைடர் (இணைப்புத் திருத்தம்) போட்டு உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக வாங்க வேண்டும்.

பிரீமியம் வேறு, பாண்ட் தொகை வேறு. சின்னத் தொகைக்குப் பெரும்பாலும் 100 டாலர் சுமாரான குறைந்தபட்சக் கட்டணம். அதற்கு மேல் ஆயிரத்துக்கு 10 முதல் 15 டாலர் வரை கேட்பார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரே முறை, திரும்ப வராது.

இதை இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம். அதனால் அழுத்திச் சொல்கிறேன்: பாண்ட் காப்பது உங்களை அல்ல, முந்தைய உரிமையாளரையும் லீன் வைத்தவரையும் உங்களிடமிருந்து பிற்பாடு வாங்குகிறவரையும். யாராவது உரிமை கோரி வென்றால் ஷூரிட்டி கம்பெனி (பாண்ட் கொடுத்த நிறுவனம்) அவருக்குக் கொடுத்துவிட்டு அதே தொகையை உங்களிடம் வசூலிக்கும். நீங்கள் கையெழுத்திடும் ஈட்டுறுதி ஒப்பந்தத்தில் அது இருக்கிறது. கிட்டத்தட்ட ஜாமீன் கையெழுத்து மாதிரிதான், கடன் கடைசியில் உங்கள் தலையில்.

அசல் பாண்ட் கைக்கு வந்ததும் அங்கேயே சரிபார்க்க வேண்டியவை: உங்கள் பெயர் விண்ணப்பத்தில் உள்ளபடியே, எச்ஐஎன் 12 எழுத்தும், மோட்டார் சீரியல், பாண்டைப் பெறுபவராக (ஆப்ளிஜீ) துறையின் பெயர், தொகை, காலம், ஷூரிட்டியின் முத்திரை, இணைத்த பவர் ஆஃப் அட்டர்னி (கையெழுத்திட்டவருக்கு ஷூரிட்டி தந்த அதிகாரப் பத்திரம்). ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். நகலை அனுப்பினாலும் அப்படியே.

ஏரிக்கரை:

நன்றி தாள்காரர் சார். மோட்டாருக்கும் ட்ரெய்லருக்கும்?

தாள்காரர்:

டெக்ஸாஸில் ஔட்போர்டு மோட்டாருக்குத் தனி டைட்டில், எத்தனை குதிரைத்திறனானாலும். பில் ஆஃப் சேலில் மோட்டாரின் சீரியல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், "படகும் மோட்டாரும்" என்று மட்டும் இருந்தால் விற்றவரிடம் திருத்தி வாங்குங்கள். சீரியல் தகடு பொருத்தும் பிராக்கெட்டில் இருக்கும். தகடு உதிர்ந்திருந்தால் பல மாடல்களில் எஞ்சின் பிளாக்கில் உள்ள வட்ட உலோக மூடியில் அதே எண் பொறித்திருக்கும்.

ட்ரெய்லர் வேறு இலாகா. அது டெக்ஸாஸ் மோட்டார் வாகனத் துறை, அங்கே பாண்டும் தனி. மொத்த எடை 4,000 பவுண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் டைட்டில் கட்டாயமில்லை, பதிவு மட்டும் போதும். எடை என்பது படகு, மோட்டார், பெட்ரோல் எல்லாம் ஏறிய கணக்கு. உங்கள் 17 அடி அலுமினியம் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். தாண்டினால் வாகனத் துறையின் வட்டார மையத்தில் 15 டாலர் கட்டி தீர்மானக் கடிதம் (பாண்ட் வைக்கலாமா, எவ்வளவுக்கு என்று சொல்வது) வாங்கி, ஓராண்டுக்குள் பாண்ட் வாங்கி, வாங்கிய 30 நாளுக்குள் கவுன்ட்டி வரி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்.

படகுக்கும் மோட்டாருக்கும் 6.25 சதவீத விற்பனை வரி உண்டு. பாண்ட் வேலை இழுப்பதற்காக வரிக் கெடு நிற்காது, தாமதத்துக்கு அபராதம் சேரும்.

நியூயார்க் துடுப்பு:

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜார்ஜியாவில் படகுக்கு டைட்டிலே கிடையாது, பதிவு மட்டும். நியூயார்க்கில் 1987 மாடல் முதல், 14 அடியும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத்தான் டைட்டில். எல்லா மாநிலமும் பாண்ட் வழியைத் தருவதுமில்லை. சிலவற்றில் நீதிமன்ற உத்தரவுதான். "எந்தப் படகுக்கும் டைட்டில் எடுத்துத் தருகிறோம்" என்று ஆன்லைனில் சில நூறு டாலர் வாங்குகிறவர்கள் உங்களுக்குத் தொடர்பே இல்லாத மாநிலத்தில் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். அதை உங்கள் மாநிலம் ஏற்காவிட்டால் பணம் போனதுதான்.

பெரிய படகில் ஒரு சோதனை கூடுதல். 5 நெட் டன்னும் (எடை அல்ல, உள்கொள்ளளவுக் கணக்கு) மேலும் உள்ளது கோஸ்ட் கார்டில் (அமெரிக்கக் கடலோரக் காவல் படை) பதிவாகியிருக்கலாம். உள்ளே கட்டமைப்பில் 3 அங்குல உயரத்தில் எண் பொறித்திருந்தால் அதுதான் அடையாளம். அந்தப் பதிவை நீக்காமல் மாநில டைட்டில் நடக்காது.

பழைய நங்கூரம்:

எச்ஐஎன் இல்லவே இல்லாத படகைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். பரிசோதனைக்குப் பிறகு மாநிலமே எண் கொடுக்கும். மாநிலச் சுருக்கத்தோடு "இசட்" சேர்ந்து அது தொடங்கும், டெக்ஸாஸில் டிஎக்ஸ்இசட். அந்த எண் வந்து, படகில் நிரந்தரமாகப் பதித்த பிறகே பாண்ட். முதலில் பாண்ட் வாங்கினால் அதில் எழுத எண்ணே இருக்காது.