கானாடுகாத்தான் ஹெரிடேஜ் ஹோட்டலில் ரிசப்ஷன் இன்டர்வியூ: என்ன தயார் செய்வது?

தேவகோட்டைப்பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை கானாடுகாத்தானில் எனக்கு இன்டர்வியூ. பழைய செட்டியார் வீட்டை ஹோட்டலாக்கி நடத்துகிறார்கள், ரிசப்ஷன் வேலை. பி.காம். முடித்திருக்கிறேன். இதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தருவதற்குள் படாத பாடு படுத்திவிட்டார்கள். ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டால் இதைச் சொல்லலாமா? இங்கிலீஷ் கேட்டால் புரியும், பேசப் போனால் தொண்டையிலேயே நின்றுவிடும். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகச் சொல்கிறார். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

குன்றக்குடி_குமார்

பயப்படாதீங்க சிஸ்டர். கண்ணைப் பார்த்துப் பேசுங்க, சிரிச்ச முகமா இருங்க, 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' கேள்விக்கு பதிலை மனப்பாடம் பண்ணிடுங்க. ஆல் தி பெஸ்ட்!

முகப்பு

தங்கச்சி, நான் இந்த வட்டாரத்து ஹோட்டல்களில் ரிசப்ஷனில் ஆரம்பித்து மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். நிறையப் பிள்ளைகளை இன்டர்வியூ எடுத்திருக்கிறேன். தம்பி குமார் சொன்னதில் அந்த மனப்பாடத்தை மட்டும் விட்டுவிடு. முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் நடுவில் நாம் ஒரு கேள்வி போட்டால் பிள்ளை திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும், பார்க்கப் பாவமாக இருக்கும்.

இந்த மாதிரி ஹோட்டலில் அறையை விட வீட்டைத்தான் விற்கிறார்கள். அதனால் நான் மேசையில் அதிகம் கேட்க மாட்டேன். வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்துக்குக் கூட்டிப்போய், "நான் விருந்தாளி, இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறேன், வீட்டைக் காட்டு" என்பேன். இங்கிலீஷ் சரளமாக வரும் பிள்ளைகள் பலர் "வெரி ஓல்ட், வெரி பியூட்டிஃபுல்" என்பதோடு நின்றுவிடுவார்கள். பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இங்கிலீஷ் உன்னை மாதிரிதான். குனிந்து தரையைத் தொட்டுக்காட்டி, "டச் பண்ணிப் பாருங்க சார். நோ ஃபயர். சாண்ட், சிமென்ட், கலர். கிளாஸ் மேல செய்யறது" என்றாள். நானும் குனிந்து தொட்டேன். அவளைத்தான் எடுத்தேன்.

அவள் சொன்னது ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி, இந்த வீடுகளில் தரைக்குப் பதிக்கும் பூப்போட்ட டைல்ஸ். அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணச் சிமென்டை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு நிரப்பி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் மேல்பக்கமாக வரும், அந்த வழவழப்பு அதனால் வருவது. இது உனக்குத் தமிழில் தெளிவாகத் தெரிந்தால் போதும், உடைந்த இங்கிலீஷிலும் சொல்லிவிடலாம்.

திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசலிலிருந்து உள்ளே வரிசையாகச் சொல்லத் தெரியட்டும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்கள் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கியவை என்பதையும் சேர்த்துச் சொல். விருந்தாளிகள் தவறாமல் கேட்பது, "இவ்வளவு பெரிய வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன?" என்பது. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் இவை. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்த தொழில் போயிற்று. இன்றைக்கு ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர், ஆளுக்கொரு ஊரில். இவ்வளவு சொன்னால் போதும்.

இன்னொன்று. 'யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்' என்று சொல்லிவிடாதே. 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள், அதோடு சரி. எனக்கு இதைக் கேட்டாலே காது கூசும்.

பட்டு வேண்டாம், முகூர்த்தத்துக்கு வந்த மாதிரி இருக்கும். கண்டாங்கிப் பருத்திச் சேலை இருந்தால் கஞ்சி போட்டுக் கட்டு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கேட்டால் சொல்ல ஒரு விஷயம் ஆயிற்று. இல்லையென்றால் சுத்தமான சுடிதாரே போதும்.

ஏன் விட்டாய் என்றால், "பில் கவுன்டரை விட ஆட்களோடு பேசிப் பழகும் வேலை பிடிக்கும்" என்று சொல். துருவிக் கேட்டால் சர்டிபிகேட் விஷயத்தை ஒரே வரியில் சொல், கடைப் பெயர் வேண்டாம். இங்கேயும் ஒரிஜினலைக் காட்டு, சரிபார்க்கட்டும், ஜெராக்ஸைக் கொடு. ஒரிஜினலைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விடு.

கோட்டையூர்_மீனா

அண்ணன் சாப்பாட்டை விட்டுவிட்டாரே! நான் இப்போது இந்த வேலையில்தான் இருக்கிறேன். என்னிடம் கேட்டது இது: "விருந்தாளி ஒருவர் குழம்பு காரம் என்று கோபப்படுகிறார், என்ன செய்வாய்?" செட்டிநாட்டுச் சமையல் அப்படித்தான் இருக்கும் என்று பாடம் எடுக்கக் கூடாது தங்கச்சி. முதலில் மன்னிப்பு, உடனே தயிர், அப்புறம் சமையல்காரரிடம் சொல்லி வேறொன்று. நம் சமையல் வெறும் மிளகாய் இல்லை, மிளகு, சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ என்பதெல்லாம் அவர் சாந்தமான பிறகு. கவுனி அரிசியைப் பார்த்து ஏன் கறுப்பு என்று கட்டாயம் கேட்பார்கள். சாயம் இல்லை, அரிசியின் நிறமே அதுதான்.

அப்புறம், முந்திரி, பால், முட்டை எதில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் "கேட்டு வருகிறேன்" என்று சொல். ஒவ்வாமை உள்ளவரிடம் ஊகித்துச் சொல்லிவிடக் கூடாது.

தேவகோட்டைப்பொண்ணு

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. கண்டாங்கி அத்தையிடம் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டால்? ராத்திரி ஷிஃப்ட் என்றால் அப்பா விட மாட்டார்.

முகப்பு

பழைய சம்பளத்தை உள்ளபடி சொல்லி, அதற்கு மேல் ஒரு தொகை கேள். கூச்சப்படாதே. சாப்பாடு, தங்குமிடம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டுக்கொள். டிப்ஸை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை வேலை கிடைத்த பிறகு உள்ளே இருப்பவர்களிடம் கேள்.

ராத்திரி ஷிஃப்டை நீயே அங்கேயே பேசிவிடு. மாலை ஷிஃப்ட் முடிந்து தேவகோட்டைக்குத் திரும்ப வண்டி ஏற்பாடு உண்டா, இல்லை பெண்களுக்குத் தங்க அறை உண்டா என்று நேராகக் கேள். நல்ல இடமாக இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை, அப்போது லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். பொங்கலுக்கு வீட்டில் இருக்க முடியாது என்பதை அப்பாவிடம் இப்போதே சொல்லி வை.

நேரம் இருந்தால் வியாழக்கிழமை ஆத்தங்குடிக்கு ஒரு எட்டுப் போய், பட்டறையில் கல் செய்வதைப் பார்த்துவிட்டு வா.