வீச்சுவலைக்கு ஈயக்குண்டு வார்த்தால் சுருக்கம் விழுகிறது, என்ன தப்பு?

ஏரிக்கரை:
பழவேற்காடு ஏரியில் ஆந்திர எல்லைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா வைத்திருந்த வீச்சுவலையில் பாதிக் குண்டு உதிர்ந்துவிட்டது. நானே வார்க்கலாமென்று பழைய குண்டுகளை உருக்கி இரும்பு அச்சில் ஊற்றினால் மேலெல்லாம் சுருக்கம், சிலது பாதிதான் நிரம்புகிறது. ஈயமும் போதவில்லை, பழைய பேட்டரித் தகட்டை உருக்கலாமா? அப்புறம், பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு ஓட்டையாகிக் கிடக்கிறது, அதிலேயே உருக்கலாமா?

துடுப்பு:
அச்சு சூடாகவில்லை தம்பி, அதுதான் சுருக்கம். அடுப்போரம் வைத்து நன்றாகக் காயவிடுங்கள், முதல் நாலைந்து குண்டு எப்படியும் சரியாக வராது, திரும்பச் சட்டியில் போட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் விளக்குப் புகையை அச்சின் உள்ளே பிடித்தால் குண்டு ஒட்டாமல் கழன்று வரும். ஆனால் ஈரம் மட்டும் கூடவே கூடாது. எனக்கு ஒருமுறை அச்சில் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் இருந்தது, ஊற்றியதும் அது ஆவியாகி ஈயத்தைத் தூக்கி அடித்தது, முன்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

உப்புக்காற்று:
சொம்பை அடுப்பில் வைத்துவிடாதீர்கள்! அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும். குண்டுக்கான காரீயம் உருக 327 டிகிரி வேண்டும், அதற்குள் சொம்பே போய்விடும். இரும்புச் சட்டிதான் சரி, அதை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது. பேட்டரித் தகடு வேண்டவே வேண்டாம், அதில் அமிலமும் ஆர்சனிக்கும் இருக்கும், அந்தப் புகை ஆளையே கொல்லும். பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிடுங்கள். வெட்டவெளியில் உருக்குங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். காரீயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. கை கழுவாமல் வெற்றிலை போடுவது, பீடி பிடிப்பது எல்லாம் அன்றைக்குக் கூடாது.

துடுப்பு:
கோக்கும்போது கவனியுங்கள், துளையின் ஓரத்தில் பிசிர் இருந்தால் நைலான் கயிற்றை நாளடைவில் அறுத்துவிடும். ஈரத்துணி வைத்து அரத்தால் ராவுங்கள், தூள் பறக்காது. பழைய குண்டுகள் இருந்த இடைவெளியை அளந்து அப்படியே கட்டுங்கள், ஒரு பக்கம் கனம் கூடினால் வலை வட்டமாக விரியாது.

ஏரிக்கரை:
நன்றி அண்ணா. அச்சை ஒரு மணி நேரம் காயவைத்து ஊற்றினேன், ஆறாவது குண்டிலிருந்து வழவழவென்று வந்தது. சொம்பைப் பாட்டியிடமே கொடுத்துவிட்டேன். இன்னும் 30 குண்டு வேண்டும், அதற்குக் காரீயம் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.