ஐடிஓ இல்லாத ஓஎல்இடி: ஓரத்துல மட்டும் எரியுது, நடுவுல இருட்டு. அவசரம்

தெம்பனிஸ்_பச்சை
ஓஎல்இடிங்கிற கரிம விளக்கு செய்யிறேன். ஐடிஓங்கிற வழக்கமான ஒளிபுகும் மின்முனைக்குப் பதிலா, பெடாட்:பிஎஸ்எஸ்ங்கிற மின்கடத்தும் பிளாஸ்டிக்கையே ஆனோடா (நேர்மின்முனையா) பூசியிருக்கேன். 12 வோல்ட்டுல, மின்சாரம் கொடுக்கிற வெள்ளிப் பேஸ்ட்டை ஒட்டி நூல் கணக்கா பச்சை ஒளி, மத்த இடம் இருட்டு. படலம் சீராத்தான் இருக்கு. நாளைக்குக் காட்டணும், யாராச்சும் சொல்லுங்க.

மெல்லேடு
பெடாட்ல எந்த ரகம்? அடியில கண்ணாடியா, பிஇடி பிளாஸ்டிக் ஏடா? படலம் எத்தனை நானோமீட்டர்? கடத்துதிறனைக் கூட்டுற டிஎம்எஸ்ஓ கரைப்பான் கலந்தீங்களா?

ஜூரோங்_உலர்பெட்டி
ஈரம்தான் தம்பி. நம்ம ஊர்க் காத்துல பிஎஸ்எஸ் தண்ணிய இழுத்துக்கிட்டே இருக்கும். 120 டிகிரியில 15 நிமிஷம் சுட்டு, சூடு ஆறுறதுக்குள்ள ஈரமில்லாத க்ளவ்பாக்ஸ் பெட்டிக்குள்ள போடுங்க.

மெல்லேடு
ஈரம் ஓரத்துலேர்ந்துதான் உள்ள நுழையும். அப்ப ஓரம் செத்து நடு எரியணும். இங்க தலைகீழா இருக்கே அண்ணே.

தெம்பனிஸ்_பச்சை
பிஇடி. ஒரு பூச்சு, 50 நானோமீட்டர் இருக்கும். ஒண்ணும் கலக்கல. மல்டிமீட்டர் எதுவுமே காட்டல.

பழைய_கை
ரகத்தைச் சொல்லாம பெடாட்னு கேட்டா யாரு என்ன சொல்ல முடியும்? முதல்ல பாட்டிலைப் பாருங்க. 4083ன்னு போட்டிருந்தா அது ஆனோடுக்கு ஆகாது. அதுல பெடாட் 1 பங்குக்கு பிஎஸ்எஸ் 6 பங்கு, கடத்துதிறன் செ.மீ.க்கு 0.001 சீமென்ஸ் அளவுதான். பிக்சலுக்கு பிக்சல் மின்சாரம் பக்கவாட்டுல கசியக் கூடாதுன்னே அப்படிச் செய்யிறாங்க. 50 நானோமீட்டர்னா படலத்தோட தடை சதுரத்துக்கு 20 கோடி ஓம். பேஸ்ட்டைத் தாண்டி மின்சாரம் எப்படிப் போகும்?
நல்லா கடத்துற பிஎச்1000 ரகம் வாங்குங்க, அதுல பெடாட் 1க்கு பிஎஸ்எஸ் 2.5தான். டிஎம்எஸ்ஓ 5 சதவீதம் சேர்த்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில விடுங்க. பிஇடியில கரைசல் திரண்டு உருண்டா, பூசுறதுக்கு முன்னாடி ஏட்டை யூவி-ஓசோன்ல (புற ஊதா ஒளியும் ஓசோனும்) 10 நிமிஷம் வைங்க. 100 நானோமீட்டர் வந்து, செ.மீ.க்கு 800 சீமென்ஸ் கிடைச்சா சதுரத்துக்கு 125 ஓம். இந்தத் தடையை அளக்கிறது நாலு முனை வச்சு, வோல்ட்டை ஆம்பியரால வகுத்து 4.53ஆல பெருக்கணும். மல்டிமீட்டர் முனை படலத்தைக் கீறும், தொடுதடையும் சேர்ந்துக்கும்.

ஜூரோங்_உலர்பெட்டி
டிஎம்எஸ்ஓ எதுக்கு? அடர் கந்தக அமிலத்துல முக்கினா 3000 சீமென்ஸ் தாண்டும்.

மெல்லேடு
கண்ணாடியில சரி. பிஇடியை அடர் கந்தக அமிலம் அரிச்சிடும், ஏட்டோட படலமும் போயிடும். தயவுசெஞ்சு இத அந்தத் தம்பிக்குச் சொல்லாதீங்க.

ஜூரோங்_உலர்பெட்டி
அப்ப எத்திலீன் கிளைக்கால்.

பழைய_கை
அதுவும் வேலை செய்யும். ஆனா 197 டிகிரியில கொதிக்கிறது, நல்லா ஓட்டலேன்னா படலத்துக்குள்ள தங்கிடும். பிஇடியை அவ்வளவு சுட முடியாது, சுருங்கிடும்.

மெல்லேடு
டிஎம்எஸ்ஓ மட்டும் என்ன, 189 தானே? எதைப் போட்டாலும் 120 டிகிரியில நேரத்தைக் கூட்டி, வெற்றிடத்துல வைக்கணும். தம்பி, அந்த 4083ஐக் கொட்டிடாதீங்க. பிஎச்1000 மேல துளை (நேர்மின் சுமை) செலுத்தும் அடுக்கா மெல்லிசாப் பூசலாம். ஆனா ரெண்டும் தண்ணிக் கரைசல், கீழ்ப் படலம் திரும்ப ஊறும். பிஎச்1000லயே ஜிஓபிஎஸ்ங்கிற இறுக்கும் சேர்மானம் 1 சதவீதம் கலந்துட்டா இறுகிடும்.

தெம்பனிஸ்_பச்சை
4083 தான். பக்கத்து லேப்ல பிஎச்1000 கொஞ்சம் கிடைச்சுது. டிஎம்எஸ்ஓ போட்டு ரெண்டு பூச்சு, 170 ஓம். முழுசா எரியுது, நடு மட்டும் லேசா மங்கல். நன்றி அண்ணே.

மெல்லேடு
மங்கலுக்கு பேஸ்ட்டை நாலு பக்கமும் இழுங்க.