அச்சு மடங்கா, பல்விகிதமா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

தஞ்சாவூரிலிருந்து:
வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான லாரிப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய லாரியில் வேறு கியர்பாக்ஸ் ஏற்றும்போது பின் ஆக்ஸிலின் (அச்சின்) கிரவுன்–பினியன் என்ற பெரிய, சிறிய பற்சக்கர ஜோடியின் கணக்கோடு அதைப் பொருத்துவது எப்படி என்பது ஒரு அதிகாரம். பட்டறையில் ‘கிரவுன் ரேஷியோ’ என்கிறார்கள். பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல் என்றால் 6.83. இந்த எண்ணுக்குப் பெயர் என்ன? ‘இறுதி இயக்க விகிதம்’ என்று எழுதியிருக்கிறேன். வாயில் ஒட்டவில்லை.

கும்பகோணத்திலிருந்து:
ஒட்டாது ஐயா. ‘விகிதம்’ வடசொல், ‘இறுதி’ எதற்கென்றே புரியவில்லை. ‘கடைப்பல் வீதம்’ என்று வையுங்கள். கடை என்றால் முடிவு. கடைமடை என்று நாம் தினமும் சொல்வதுதானே.

பாபநாசத்திலிருந்து:
‘கடைப்பல்’ என்றால் மாணவன் கன்னத்தைத் தடவிப் பார்ப்பான். வீதம் என்பது ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு: மணிக்கு, மாதத்துக்கு, மூட்டைக்கு. இங்கே இருப்பது இரண்டு எண்ணிக்கைகளின் ஒப்பு. மேலும் வீதமே விகிதத்தின் தேய்வு என்பாரும் உண்டு. வாசல் வழியே அனுப்பியதைக் கொல்லை வழியே அழைக்கிறீர்கள்.

மன்னார்குடியிலிருந்து:
பொருளைப் பார்த்துப் பெயர் வையுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 6.83 மடங்கு சுற்றுகிறது. ஆகவே ‘அச்சு மடங்கு’. ஏழே எழுத்து, தமிழ், சொன்னதும் விளங்கும்.

பாபநாசத்திலிருந்து:
மடங்கு வினைப்பகுதியும்தான். நெல் மூட்டை ஏற்றிய லாரியின் பாடத்தில் ‘அச்சு மடங்கு’ என்றால் அது ஏவலா, சாபமா? வள்ளுவர் மயிலிறகுக்கே ‘அச்சிறும்’ என்றார்.

நாகப்பட்டினத்திலிருந்து:
அச்சு என்றதும் புறநானூறு 102. உப்பு வண்டியின் அடியில் உமணர் கட்டி வைத்த ‘சேம அச்சு’. அவல் இழியினும் மிசை ஏறினும் என்ன ஆகுமோ என்று ஔவையின் பாட்டில் உமணர் நினைப்பது பள்ளமும் மேடும் உள்ள வழி பற்றித்தான். ‘ஸ்டெப்னி’க்குச் ‘சேமச் சக்கரம்’ அங்கேயே இருக்கிறது. மாட்டுவண்டிக்கு ‘இருசு’ என்பதும் உண்டு. இருசு ‘இரு’ என்ற எண்ணடியா, இருத்தல் என்ற வினையடியா என்று...

தஞ்சாவூரிலிருந்து:
ஐயா, வெள்ளிக்கிழமை.

திருவாரூரிலிருந்து:
பயிற்றுநர் என்ற முறையில் ஒன்று. பெயரைவிடப் பெரிய குழப்பம் ‘உயர்’, ‘தாழ்’ என்ற அடைமொழியில் இருக்கிறது. ஒருவர் 6.83ஐ எண் பெரியது என்பதால் ‘ஹை’ என்பார், இன்னொருவர் வேகம் கூடும் என்பதால் 5.38ஐ ‘ஹை’ என்பார். உதிரிபாகக் கடையில் தவறான ஜோடி வந்து இறங்குவது இதனால்தான். ஓட்டுநர்கள் சொல்லும் ‘இழுவை’யும் ‘ஓட்டமும்’ போதும். 6.83 இழுவை அச்சு, 5.38 ஓட்ட அச்சு.

கணக்கையும் பாடத்தில் போடுங்கள். 10.00–20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர் போகும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றில், நேர்ப்பல்லில் (எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் கியரில்), 6.83 அச்சு மணிக்கு 51 கிலோமீட்டர் வேகம் தரும். 43க்கு 8 பல் கொண்ட 5.38 அச்சு 64. அதே 6.83 அச்சுக்கு முன், ஷாஃப்டை எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும் 0.77 ஓவர்டிரைவ் கியர் இருந்தால் பெருக்கல் 5.26, வேகம் 66. நெடுஞ்சாலையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

வேறுபாடு கொள்முதல் நிலையத்துச் சேற்றில் தெரியும். முதல் பல் (முதல் கியர்) 7.0 என்றால் 6.83 அச்சில் மொத்தப் பெருக்கல் 47.8, 5.38இல் 37.6. டெல்டாவில் மலை இல்லை, ஆனால் மழை பெய்த மண்பாதையிலிருந்து சுமையோடு எழ வேண்டும். எனவே இழுவை அச்சும் ஓவர்டிரைவும் இங்கே நல்ல ஜோடி. ஒரு எச்சரிக்கை: சில ஓவர்டிரைவ் பெட்டிகளில் முதல் பல்லும் சேர்ந்தே குறைந்திருக்கும். 5.6 என்றால் 6.83ஓடு பெருக்கி 38தான் வரும். செலவு செய்தும் இழுவை கிடைக்காது. கடைசிப் பல்லை மட்டும் பார்த்துப் பெட்டி வாங்கக் கூடாது.

ஓவர்டிரைவில் ஷாஃப்ட் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும்: 1,800க்கு 2,340. நீண்ட ஒற்றை ஷாஃப்ட் அதிரும், ஜாயிண்ட் தேயும். நடுவே சென்டர் பேரிங் உள்ள இரட்டை ஷாஃப்டும் சமநிலைச் சோதனையும் வேண்டும்.

மன்னார்குடியிலிருந்து:
பாருங்கள், நீங்களே ‘பெருக்கல்’ என்கிறீர்கள். பெருக்கினால் வருவது மடங்கு.

கும்பகோணத்திலிருந்து:
ஓவர்டிரைவுக்கு யாரும் தமிழ் சொல்லவில்லையே. ‘மிகையோட்டம்’?

திருவாரூரிலிருந்து:
மிகையோட்டம் என்றால் அதிகம் ஓடித் தேய்ந்த வண்டி என்று படும். ‘விரைவுப் பல்’ போதும். அளக்கும் முறையையும் சேருங்கள்: நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரம் தரையில் அசையாமல் நிற்க, மற்றதை ஜாக்கியில் தூக்கி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கப்லிங்கில் (ஷாஃப்டின் இணைப்பில்) சாக்கட்டிக் கோடு போட்டு ஷாஃப்ட் எத்தனை சுற்றியது என்று எண்ணினால் அதுதான் எண். சக்கரத்தை ஒரே சுற்றோடு நிறுத்தினால் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்லமைப்பு) பாதியை விழுங்கி 3.4 காட்டும். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பல் பதியாது, ஊளையிடும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடும் வண்டியில் 6.83ஐ 5.38ஆக்கினால் முள் 50இல் நிற்கும்போது வண்டி ஏறத்தாழ 64இல் போகும். அதையும் திருத்த வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து:
கப்லிங்குக்குப் ‘பிணைப்பி’ என்று...

தஞ்சாவூரிலிருந்து:
அன்பர்களுக்கு நன்றி. மூவர் ‘அச்சுப் பல்விகிதம்’ என்பதற்குத் தனிமடலில் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். அதுவே தலைப்பில் வரும். முதல் இடத்தில் ‘கிரவுன் ரேஷியோ’வும் பக்கத்தில் இருக்கும். உயர், தாழ் இரண்டும் வெட்டப்பட்டு இழுவை, ஓட்டம் வரும். விரைவுப் பல் பற்றி முடிவில்லை. ஓவர்டிரைவ் அப்படியே போகிறது.

மன்னார்குடியிலிருந்து:
போகட்டும். அட்டவணைத் தலைப்பிலாவது ‘மொத்த மடங்கு’ என்று போடுங்கள், அங்கே மடங்க எந்த அச்சும் இல்லை.

பாபநாசத்திலிருந்து:
அதற்கு ஆட்சேபம் இல்லை. ‘அச்சுப்’ பக்கத்தில் ஒற்று விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.